ஆணியில் மாட்டிய கோட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி, உன் பாஷையில் சொன்னால் கம்பவுண்டர், சுகமாக இருந்து எழுதுவது. நீயும் உன் சிவப்பு மைப் புட்டியும் சுகந்தானே?

இதோடு ஒரு கதை வைத்திருக்கிறேன். பல் டாக்டருக்கே பல்வலி வருகிற கதை. பத்திரிகைக்குப் போவதற்கு முன்னால் வழக்கம்போல உன் கையில் அடி வாங்கிவிட்டு வரட்டும். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாவது வருஷம் முடிந்தால் அடுத்த வகுப்புக்குத் தப்பித்து ஓடிவிடுகிறார்கள். நான் டாக்டராகித் தலை நரைக்கப் போகிற வயசிலும் உன் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் எழுத எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். இந்த மலை ஆஸ்பத்திரிக்கு நான் ஒருவன்தான் டாக்டர். காலையில் கதவைத் திறந்தால் வராந்தா முழுக்க ஆள். பெரிய சிஸ்டர் அதட்டி வரிசையில் உட்கார வைப்பார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" அதோடு வாயை மூடிக்கொள்வேன். அவர்கள் மாமியார் சண்டையில் ஆரம்பித்து மாடு தொலைந்தது வரை சொல்வார்கள். பேச்சோடு பேச்சாக நோயும் வெளியே வந்து உட்கார்ந்துவிடும். காது கொடுப்பதே பாதி மருந்து கொடுப்பதுதான் அக்கா. எந்தக் காலேஜிலும் இதைச் சொல்லித்தரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசல் ஆணியில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிடுவேன். டாக்டர் அங்கேயே தொங்குவார். உள்ளே வருகிறவன் எழுத்தாளன். என் மேசையில் சளி, ரத்தம், சீழ் எதற்கும் இடம் கிடையாது. உன் கடிதங்களைக்கூட ஆஸ்பத்திரியில் பிரிப்பதில்லை. நாள் முழுக்கப் பையிலேயே வைத்திருந்து, கோட்டைக் கழற்றிய பிறகு மேசையில் வைத்துத்தான் பிரிப்பேன். அதில் வருகிற வரிகளை நான் சுட்டுக்கொள்வது உனக்குத் தெரியாததா?

உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. கோடைக்குள் இன்னொரு டாக்டரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு ரயிலேறிவிடுவேன். உன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே உன்னிடம் திட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 29

டேய் கம்பவுண்டர்,

நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஊருக்கெல்லாம் "வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்க" என்று சொல்லிவிட்டு நீ வெறும் டீயில் நாளை ஓட்டுகிறவன் என்று எனக்குத் தெரியும்.

கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பைப் பார்த்துப் பயந்துவிடாதே. முதல் பக்கத்தில் பல் டாக்டருக்கு மேல் வரிசையில் வலிக்கிறது. கடைசிப் பக்கத்தில் கீழ் வரிசைப் பல்லைப் பிடுங்குகிறார்கள். பாவம், நல்ல பல் போச்சு. உன் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் நடக்கிறதா?

இங்கே புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம், வீடு, பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டுக்கு எங்கள் தையல் டீச்சர் குடிவந்திருக்கிறார். நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்குச் சரியான ஜோடி. விடைத்தாள் திருத்தித் திருத்தித் தலைவலி வருகிறது. புதுக் கண்ணாடி போட்டும் சரிப்படவில்லை. கண்ணாடிக்கடைக்காரர், "வயசாச்சுல்ல டீச்சர்" என்றார். "உங்க கடைக்கும்தான் வயசாச்சு, ஒரு தடவையாவது பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

உனக்குப் பிடித்த மாதிரி ஒன்று சொல்கிறேன். நேற்று அந்தி சாயும் நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தெருவிளக்கைப் போட்டார்கள். அதைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். மழை இல்லை, மேகம் இல்லை. விளக்குக்கு யாரோ வளையல் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. தையல் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒண்ணும் தெரியலையே" என்றார். எனக்கு மட்டும் தெரிகிறதாம். கதைக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொள்.

எப்போது வருகிறாய்?

அக்கா

*

பிப்ரவரி 16

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதவர்கள் வராந்தாவில் வரிசையில் இருக்கிறார்கள். உன் சுகத்துக்கு எழுது.

விளக்குக்கு வளையல்! உன்னைக் கணக்கு டீச்சராக்கின புண்ணியவான் யார்? கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கதை இதுதான். ஜன்னலோரம் ஒரு பெண். வரவேண்டிய ஒருவன் வரவில்லை. தெருவிளக்கு எரியும்போதெல்லாம் அதைச் சுற்றி அவளுக்கு மட்டும் ஒரு வானவில் தெரிகிறது. அவன் புறப்பட்டுவிட்டான் என்பதற்கு அது அடையாளம் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். எப்படி?

ஆனால் பொய்யாக எழுதக் கூடாதே. அதனால் கேட்கிறேன். எந்த நிறம் உள்ளே, எந்த நிறம் வெளியே? பகலில் தெரியுமா, அந்தியில் மட்டுமா? எவ்வளவு நேரம் இருக்கும்? வருவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி உண்டா? எப்படிப் போகிறது? ஒன்று விடாமல் எழுது. நீ எழுதுவதை அப்படியே வைக்கப் போகிறேன்.

தலைவலிக்கு: விடைத்தாளையெல்லாம் ஒரே மூச்சில் திருத்தாதே. நேரத்தோடு தூங்கு.

புது டாக்டர் வருவது கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. ஆனாலும் கோடைக்கு வந்துவிடுவேன். சாயங்காலம் மலையில் பனி இறங்கி எதிர்வீடுகூட மறைந்துவிடும்போது, "டேய், விளக்கைப் போட்டுட்டுப் படிடா" என்று நீ சமையலறையிலிருந்து கத்துவது காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. ரொம்பத் தேடுகிறது அக்கா.

உன் தம்பி

*

மார்ச் 10

அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் சுகம். உனக்கு இருமல் என்று பெரிய சிஸ்டர் உன் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். நீ எழுதவில்லை. நல்ல டாக்டர்!

கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறாய். பதில் சொல்கிறேன், மதிப்பெண் போடு. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. அந்தியில்தான் வரும், வெயிலில் வராது. இப்போது அநேகமாகத் தினமும் வருகிறது. தூங்கி எழுந்தால் போய்விடும். வரும்போது தனியாக வருவதில்லை. விருந்தாளியோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேண்டாத சொந்தக்காரன் மாதிரி, இடது புருவத்துக்கு மேல் ஒரு வலியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அப்போது எல்லாம் பனிக்குள் இருக்கிற மாதிரித் தெரியும். உன் மலைப் பனி இங்கே இறங்கி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் வாந்தியும் வந்தது. பித்தமாக இருக்கும்.

நேற்று கரும்பலகையில் கணக்குப் போட்டேன். இரண்டாவது வரி முதல் வரி மேலேயே ஏறிவிட்டதாம். பிள்ளைகள் சிரித்தார்கள். "கணக்கு கட்டிப் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு என்னடா வந்துச்சு?" என்றேன். இன்னும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். தலையணை உறை மாற்றியாயிற்று. உனக்குத் தனியாக வைத்திருக்கிற பெரிய டம்ளரையும் தேய்த்து வைத்திருக்கிறேன். உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வா என்று நான் சொல்லவில்லை.

எப்போது வருகிறாய்?

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

முதலில் கசப்பு மாத்திரை. கோடைக்கு வர முடியாது. மலையில் விஷக்காய்ச்சல். வார்டில் படுக்கை போதாமல் வராந்தாவில் பாய் விரித்திருக்கிறோம். அத்தனையும் சின்னக் குழந்தைகள். புது டாக்டரை அனுப்புகிற பேச்சையே காணோம். என்னைத் திட்டு. தபாலில் வரும் திட்டு சூடு ஆறிப்போய்த்தான் வரும், ஆனாலும் பரவாயில்லை.

இனிப்பு பிறகு. கதையை முடித்துவிட்டேன். குழந்தைகள் தூங்குகிற இடைவெளியில் வீட்டுக்கு ஓடிவந்து, கோட்டை மாட்டிவிட்டு, ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுபடி ஓடுவேன். அந்த மேசை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். நீலமும் சிவப்பும், புருவ வலியும், வேண்டாத சொந்தக்காரனும், பனியும், ஒன்று விடாமல் வைத்திருக்கிறேன். நான் எழுதியதிலேயே இதுதான் உசத்தி என்று தோன்றுகிறது. பாதிக்கு மேல் நீ எழுதியது, அதனால் இருக்கும்.

சீக்கிரம் திருத்தி அனுப்பு. உன் சிவப்பு மை படாமல் என் கதை பத்திரிகைக்குப் போனதே இல்லை.

உன் தம்பி

*

மே 9

தம்பிக்கு,

சுகம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கியதா?

கதை கிடைத்தது. கேட்டேன். நன்றாக இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே. பாவம், அவளை ஜன்னலோரத்திலேயே உட்கார வைத்துவிட்டாய்.

உன் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அக்கா

*

மே 28

என் அக்காவுக்கு,

சுகம். நீ சுகமென்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாய். கோபமா? கோபந்தான். இல்லாவிட்டால் உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வராது. எழுத்தும் ஊர்வலம் போகிற மாதிரி மேலும் கீழும் போகிறது. எழுதியபோது பேனாவைக் கூடக் கோபமாகப் பிடித்திருந்தாயா?

ஆனாலும் தலைகால் புரியவில்லை எனக்கு. என் கதையில் பிழை ஒன்றும் இல்லை என்று என் அக்கா எழுதிவிட்டாள்! ஒரு சிவப்புக் கோடு இல்லை. பெரிய சிஸ்டரிடம் காட்டினேன். "பாஸாயிட்டீங்க டாக்டர், இனிமே ஆஸ்பத்திரியைக் கவனிங்க" என்றார். பத்திரிகையில் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் மட்டும் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தியதாகச் சொல்லியிருக்கிறார். என் மேல் பரிதாபப்பட்டு விட்டுவிட்டாயாக்கும்.

காய்ச்சல் அடங்கிவருகிறது. இரண்டு குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அதைப் பற்றி எழுத மாட்டேன், மேசைக்கு அதெல்லாம் வரக் கூடாது. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லி அழுதிருப்பேன்.

மெத்தையை ஏன் சுருட்டினாய்? விரித்தே வை. எப்போது வருகிறாய் என்று இந்தத் தடவை நீ கேட்கவில்லை. கேள்.

உன் தம்பி

*

ஜூன் 14

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்த அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய் என்று நம்புகிறேன். போகவில்லையென்றால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுப் புறப்படு. தையல் டீச்சர், நீங்கள்தான் படித்துக்காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அக்கா மறுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள்.

இன்று காலை சலவைக்கடைக்காரரின் மனைவி வந்தார். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றேன்.

"சாயங்காலமானா பல்பைச் சுத்திக் கலர் கலரா வட்டம் தெரியுது டாக்டர். நெத்தியில வலி. தூங்கி எழுந்தா சரியாயிடுது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை எழுதிவிட்டது. "சிஸ்டர், கண்ணுல விடுற சொட்டு மருந்து, சீக்கிரம். மத்தியான வண்டியில இவங்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"அவ்வளவு அவசரமா டாக்டர்?"

"கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியே போற வழி அடைச்சுக்குது சிஸ்டர். அழுத்தம் ஏறுது. விட்டா பார்வை போயிடும். போன பார்வை திரும்பாது."

சொல்லிக்கொண்டே இருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய சிஸ்டர் என்னையே பார்த்தார். "டாக்டர், இது நீங்க எழுதின அந்தக் கதையில..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

கோட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அதைக் கழற்றாமல், நின்றபடியே உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். வானவில், புருவ வலி, பனி, வாந்தி, கரும்பலகையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய வரி. நீ "கேட்டேன்" என்று எழுதியிருக்கிறாய் அக்கா. "படித்தேன்" என்று எழுதவில்லை. ஒரு டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் நான் உன்னிடம் கேட்டிருக்கிறேன். நீயும் ஒன்று விடாமல் பதில் சொல்லியிருக்கிறாய். படிக்கவேண்டியவன் வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

சலவைக்காரர் மனைவி முன்பின் தெரியாதவர். அவர் நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. உனக்கு இத்தனை மாசம்.

கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எனக்குச் சீனியர். அவருக்கும் தந்தி அடித்திருக்கிறேன். அறுவை வேண்டும் என்பார். உடனே சம்மதித்துவிடு. வார்டில் இன்னும் குழந்தைகள் இருக்கிறார்கள், மாற்று டாக்டர் வராமல் இவர்களை விட்டுவிட்டுப் புறப்பட முடியவில்லை. எனக்காகக் காத்திருக்காதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால் மறுபடி சொல்கிறேன். எனக்காகக் காத்திருக்காதே.

தம்பி

*

ஜூன் 27

அருமைத் தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல, தையல் டீச்சர் கையால் எழுதுவது. உடம்பு பரவாயில்லை. நீ சாப்பிட்டாயா?

நல்லதை முதலில் சொல்கிறேன். வலது கண் பிழைத்தது. அறுவை ஆகிவிட்டது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. அந்த அளவு நிற்கும் என்கிறார் உன் சீனியர். ரொம்பக் கோபக்காரர், எனக்குப் பிடித்திருக்கிறது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. விளக்கு இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. ஏப்ரலில் ஒரு நாள் தலை வெடிக்கிற மாதிரி வலித்துக் கிடந்தேன். அன்றைக்கே போய்விட்டதாம். நீ காய்ச்சல் பிள்ளைகளோடு அல்லாடிக்கொண்டிருந்தாய். அதனால் எழுதவில்லை.

மற்றதைச் சொல்லவில்லை என்று என் மேல் பழி போடாதே. சொன்னேன். உனக்குப் பிடிக்கிற மாதிரி சொன்னேன். வலி என்று எழுதினால் உன் கடிதத்தில் ஒரு வரி பதில் வரும். வானவில் என்று எழுதினால் ஒரு பக்கம் வரும். எனக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது யோசிக்கவில்லை.

அழாதே. எனக்குத் தெரியும், அழுவாய்.

அக்கா

டாக்டர் தம்பிக்கு, தையல் டீச்சர் தனியாக எழுதுவது. உங்க அக்கா தூங்கின பிறகு இதை எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. மார்ச்சிலிருந்தே "வாங்க டீச்சர், கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "என் தம்பிக்கு எல்லாத்தையும் எழுதியிருக்கேன். அவன் டாக்டரு. ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டானா? அவன் ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டார். அறுவைக்கு முன்னாலும், "அவன் வரட்டுமே, ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துட்டுப் பண்ணிக்கிறேன்" என்று பிடிவாதம் பிடித்தார். காத்திருக்காதே என்று நீங்கள் எழுதினதை மறுபடியும் மறுபடியும் படித்துக்காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். சாயங்கால வண்டி வருகிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்துகிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லத்தான் செய்வேன்.

*

ஜூலை 6

அக்கா,

உன் சுகத்தைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

தையல் டீச்சர் எழுதினதைப் படித்தேன். அவரைத் திட்டாதே. "அவன் ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணுமில்லை." இதைப் படித்துவிட்டு நான் எப்படி வராந்தாவுக்குப் போனேன், எப்படி "சொல்லுங்க, என்ன பண்ணுது" என்று கேட்டேன், தெரியவில்லை.

பெரிய சிஸ்டர் மேலிடத்துக்கு நேரில் போய்ச் சண்டை போட்டு மாற்று டாக்டரை வரவழைத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை வண்டியேறுகிறேன். சலவைக்காரர் மனைவி நேற்று கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. என் கோட்டைச் சலவை செய்து, கஞ்சி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கதை வந்த பத்திரிகையைக் கொண்டுவர மாட்டேன். நன்றாக இருக்கிறது என்று யார் யாரோ எழுதுகிறார்கள். பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இனிமேல் நான் எழுத மாட்டேன். மேசையை எடுத்துவிடப் போகிறேன்.

வாசலுக்கு வந்து நிற்காதே. படி இருக்கிறது. நானே உள்ளே வருகிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 12

டேய் கம்பவுண்டர்,

என் கையாலேயே எழுதுகிறேன். தையல் டீச்சர் ஒரு அட்டையில் ஒரு வரி போகிற அளவுக்குச் சந்து வெட்டிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து, அதற்குள்ளேயே எழுதிக்கொண்டு போகிறேன். வரிகள் இப்போது கட்டிப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. நல்லதுதான், இப்போது எனக்கு என்ன வேலை? உன் இருமல் போச்சா? மருந்து குடித்தாயா, இல்லை அதையும் கதையில் சேர்த்துவிட்டாயா?

நீ வந்துவிட்டுப் போனாய். ஒரு வாரம் இருந்தாய். சாப்பிட்டாய், சொட்டு மருந்து விட்டாய், கதவுக் கீலில் எண்ணெய் விட்டாய். பேசத்தான் இல்லை. ஒவ்வொரு தடவையும் என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாய். அந்தப் பக்கம் எனக்கு இருட்டு என்று உனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் அங்கே உட்கார்ந்தாய். உன் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று.

கடைசி நாள் உன் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேனே, ஞாபகமிருக்கிறதா? முழு முகம் ஒரே தடவையில் வரவில்லை. முதலில் நெற்றி. அப்புறம் கண். மூக்கு. காதோரம் நரை. உனக்கு நரைத்துவிட்டதடா! கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன். முழுசாகக் கிடைத்துவிட்டாய். நீ அழுதாய். நான் எதற்கு அழுவேன்? எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்று வருஷமாக ஜன்னலில் உட்கார்ந்ததே அதற்குத்தானே.

பத்திரிகையைத் தையல் டீச்சர் கடையில் வாங்கி வந்தார். உன் கதையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தினம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன். ஆசிரியர் இரண்டு பிழை என்றாரா? இன்னும் நாலு இருக்கிறது. எல்லாவற்றையும் சிவப்பில் குறித்து இதோடு வைத்திருக்கிறேன். கோடு கோணலாகத்தான் இருக்கும். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நானே முடிவு எழுதிவிட்டேன். "அவன் வந்தான். அன்றைக்குத் தெருவிளக்கைச் சுற்றி ஒன்றும் இல்லை. வெறும் விளக்கு." பிடிக்காவிட்டால் அடித்துவிடு.

மேசையை எடுத்துவிடுவேன் என்று எழுதினாய். எடுத்தால் தொலைத்துவிடுவேன். மேசை இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அந்த ஆணியைப் பிடுங்கி உள்ளே கொண்டுவந்து, மேசைக்கு எதிர்ச் சுவரில் அடி. நீ எழுதுகிறதை அந்தக் கோட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். காப்பாற்ற முடியாமல்போன அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுது. மேசைக்கு வரக் கூடாது என்று எதையும் வாசலில் நிறுத்தாதே. எழுதி எனக்கு அனுப்பு. திருத்த எனக்கு நாளாகும், அவசரப்படுத்தாதே.

நானும் இனிமேல் உனக்குப் பிடிக்கிற மாதிரி எழுத மாட்டேன். இன்றைக்கு இடது கண்ணில் வலி இருக்கிறது. நேற்றைவிடக் குறைவு. ராத்திரி தூங்கினேன். பள்ளிக்கூடத்து லீவு அடுத்த மாசம் முடிகிறது. பயமாக இருக்கிறது. நீ இல்லாமல் இந்த வீடு பிடிக்கவில்லை. இதுதான் என் சுகம்.

மெத்தையை விரித்தே வைத்திருக்கிறேன்.

எப்போது வருகிறாய்? வந்தால் வலது பக்கமாக உட்கார்.

அக்கா